தாடை மூட்டும் பதினைந்து நாள் லீவும்

கொட்டாவி விட்ட ஆள் அப்புறம் வாயை மூட முடியாமல் நின்ற கதை கேட்டிருக்கிறீர்களா? கதை இல்லைங்க, செய்தி. 2025-இல் கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸில் ஒரு பயணிக்கு இப்படி ஆனது. பாலக்காடு ஸ்டேஷனில் ரயில்வே டாக்டர் வந்து, பிளாட்பாரத்திலேயே தாடையைப் பிடித்து அதன் இடத்தில் உட்கார வைத்து அனுப்பினார். அந்த வீடியோவும் சுற்றியது. பார்த்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், டாக்டரைப் பாராட்டினார்கள், மறந்துவிட்டார்கள்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்த மூட்டோடு ஐந்தரை வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவன் நான். எனக்கு அந்தப் பயணி மாதிரி ஒரே நாளில் கழன்று விழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் சாப்பிடும்போது இடது காது பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். நாலு வருஷம் அது வெறும் சத்தம்தான். அப்புறம் வலி. பிறகு காலையில் எழுந்தால் வாய் பாதிதான் திறக்கும். இதெல்லாம் வீடியோ எடுக்கிற சமாச்சாரம் இல்லை. வெளியே பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருப்பார். 'முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?' என்று கேட்பார்கள், அவ்வளவுதான்.

எனக்கு சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். மட்டாஞ்சேரிக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. மிளகு, சுக்கு, ஏலம் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மருத்துவன் இல்லை. ஆனால் கணக்குப் பிள்ளைக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது பெரிய பில் நீட்டினால் 'இது எதற்கு?' என்று கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டான். அந்தப் பழக்கம் என் தாடையைக் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். தாடை மூட்டு வலிக்குத் திருப்பி எடுக்க முடியாத வைத்தியத்தை முதலில் செய்துகொள்ளாதீர்கள். முக்கியமாக, ஊருக்கு வரும் 15 நாள் லீவுக்குள் செய்து முடித்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் இருக்கும் நம் குடும்பங்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த மூட்டைத் தெரிந்துகொள்வோம்

இரண்டு ஆள்காட்டி விரலையும் காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு உருண்டை முதலில் சுழலும், பிறகு முன்னால் நழுவும். அதுதான் கீழ்த்தாடையின் தலை. கதவுக் கீல் மாதிரி சுற்றுவதோடு, மேஜை டிராயர் மாதிரி முன்னால் சறுக்கவும் செய்கிற மூட்டு இது. இன்னொரு விசேஷம், இடது வலது இரண்டும் ஒரே எலும்பில் இருப்பதால் ஒன்று அசைந்தால் இன்னொன்றும் அசைந்தே ஆக வேண்டும். முழங்கால் வலித்தால் ஒரு காலில் நொண்டலாம். தாடையில் நொண்ட வழியில்லை.

அந்த உருண்டைக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் குழாய் வாஷர் மாதிரி ஒரு வட்டு இருக்கிறது. அது கொஞ்சம் முன்னால் நழுவிவிட்டால், வாய் திறக்கும்போது எலும்பு அதன்மேல் ஏறி உட்காரும். அந்த ஏற்றம்தான் 'டக்'. சில சமயம் வாஷர் முன்னாலேயே நின்றுகொண்டு வழிவிட மறுக்கும். அப்போது வாய் திறக்காது. பாலக்காட்டு ஆளுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். எலும்பின் தலை மேட்டைத் தாண்டி முன்னால் போய் மாட்டிக்கொண்டது, வாய் மூடவில்லை.

ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வலி வருவது இந்த வாஷரால் இல்லை, தசையால். கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் இருக்கும் மெல்லுகிற தசைகள் நாள் முழுவதும் இறுகிக் கிடந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? அமெரிக்க அரசின் பல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்குப்படி நூற்றுக்கு 5 முதல் 12 பேர் வரை இந்தத் தொல்லை உள்ளவர்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். அதிலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்டவர்கள் அதிகம். அதாவது குழந்தை, வேலை, வீட்டுக் கடன், ஊரில் வயதான அப்பா அம்மா என்று எல்லாம் ஒரே சமயத்தில் தலையில் ஏறுகிற வயது.

இங்கே ஒரு நல்ல செய்தி சொல்லியாக வேண்டும். வலி இல்லாமல் சத்தம் மட்டும் வருகிறதென்றால் அது வியாதியே இல்லை. எத்தனையோ பேருக்கு உண்டு. வைத்தியம் வேண்டாம். வலி வந்தவர்களிலும் பெரும்பாலானவர்களுக்கு எளிய கவனிப்பிலேயே நாளாவட்டத்தில் தணிந்துவிடும்.

யாரிடம் போவது என்பதே முதல் குழப்பம்

காதுக்குப் பக்கத்தில் வலிக்கிறது, ஆகவே எல்லாரும் முதலில் காது டாக்டரிடம் போவோம். நானும் போனேன். காது பளிங்கு மாதிரி இருக்கிறது என்றார். அடுத்துப் பல் டாக்டர். அங்கே வரவேற்பில் இருந்த சேச்சி 'எந்தாணு பிரச்னம்?' என்றார். தாடை வலி என்றேன். அவர் 'தாடியெல்லு வேதன' என்று குறித்துக்கொண்டார். முழுச் சவரம் செய்திருந்த நான் கன்னத்தைத் தடவிக்கொண்டேன். மலையாளத்தில் தாடையெலும்புக்குத் 'தாடியெல்லு' என்று பெயர் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பல் நறநறப்பது இங்கே 'பல்லிறும்மல்'. புலம்பெயர்ந்த ஊரில் வலியைச் சொல்லக் கற்றுக்கொள்வதே தனிப் படிப்பு, போங்கள்.

மொழி கிடக்கட்டும். காது, பல், மூட்டு, தசை, தலைவலி, தூக்கம், மனசு என்று ஆறேழு துறைக்கு நடுவில் இருக்கும் மூட்டு இது. அதனால் யார் கையில் போய் மாட்டுகிறோமோ அவர்கள் துறை வியாதியாக மாறிவிடுகிறது. அமெரிக்காவில் முக-தாடை வலிக்கென்று தனிப் பல் மருத்துவப் பிரிவை அங்கீகரித்ததே 2020-இல்தான். அதே வருஷம் அங்குள்ள தேசிய அறிவியல் அகாடமிகள் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டன. இதை வெறும் பல் சம்பந்தப்பட்ட விஷயமாகப் பார்ப்பதை நிறுத்த வேண்டும், பல துறை மருத்துவர்கள் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

90 வருஷப் பழைய எண்ணம் ஒன்று

1934-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜேம்ஸ் காஸ்டன் என்ற காது-மூக்கு-தொண்டை டாக்டர் ஒரு கட்டுரை எழுதினார். காது வலி, அடைப்பு, தலைவலி என்று வந்தவர்களுக்குக் கடைவாய்ப் பற்கள் விழுந்து, கடி இறங்கிப்போய், தாடை மூட்டு அழுந்துவதுதான் காரணம் என்றார். 'காஸ்டன் சிண்ட்ரோம்' என்றே பெயர் வந்துவிட்டது. அவர் உடற்கூறு பற்றிச் சொன்ன விளக்கம் பிறகு நிற்கவில்லை. ஆனால் 'கடி சரியில்லை, அதனால்தான் மூட்டு வலி' என்ற எண்ணம் மட்டும் போகவே இல்லை. கடியைச் சரிசெய்கிறேன் என்று எத்தனை பேருடைய நல்ல பற்களை ராவியிருப்பார்கள், எத்தனை பேருக்குக் கேப் போட்டிருப்பார்கள்!

2003-இல் காக்ரேன் ஆய்வுக் குழு இதை எடுத்துப் பார்த்தது. பல்லை ராவிக் கடியைச் சரிசெய்வதால் இந்த வலி தீரும் என்பதற்கோ, வராமல் தடுக்கலாம் என்பதற்கோ ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். 2010-இல் அமெரிக்கப் பல் ஆராய்ச்சிச் சங்கம் தன் கொள்கை அறிக்கையைத் திருத்தி வெளியிட்டது. தக்க காரணம் இல்லாவிட்டால் முதல் வைத்தியம் மென்மையானதாக, பழைய நிலைக்குத் திரும்பக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி.

இதைவிடப் பெரிய கசப்பும் உண்டு. 1980-களில் அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருந்த வைடெக் என்ற கம்பெனி, நழுவிய வட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க டெஃப்லான் கலந்த செயற்கை வட்டு ஒன்றை விற்றது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வைத்தார்கள். மெல்ல மெல்ல அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. உதிர்ந்த துகளை எதிர்த்து உடம்பு நடத்திய போரில் பக்கத்து எலும்பே கரைந்தது. 1990-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது, கம்பெனி திவாலானது. அதற்குள் அந்த வட்டு ஆயிரக்கணக்கான தாடைகளுக்குள் போயிருந்தது.

எதற்கு இந்தப் பழங்கதை என்றால், அந்த நோயாளிகளில் பலர் சாதாரண வலியோடு போனவர்கள். அவசரப்படாமல் இருந்திருந்தால் பலருக்கு அந்தக் கதியே வந்திருக்காது.

நம் லீவும் நம் அவசரமும்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். என் மச்சினர் ஷார்ஜாவில் இருக்கிறார். அங்கே பல் வைத்தியத்துக்கு ஆகும் செலவைக் கேட்டால் பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றும் (தாடைக்கு ஆகாது, வேண்டாம்). ஆகவே வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும்போது எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வருவார். கண் செக்கப், ரத்த டெஸ்ட், பல் சுத்தம், பையனுக்குக் காது குத்து, பேங்க்கில் கையெழுத்து. நம் எல்லாருக்கும் இதே கதைதானே? கொச்சியிலும் சென்னையிலும் மதுரையிலும் பல் கிளினிக்குகள் இந்த லீவுக் காலத்தைக் கணக்குப் பண்ணியே நடக்கின்றன. ஏர்போர்ட்டிலிருந்து நேராகக் கூட்டிப்போய் 'இத்தனை நாளில் முடித்துத் தருகிறோம்' என்கிற பேக்கேஜ் எல்லாம் உண்டு. பல் அடைக்க, செட் கட்ட அது நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை.

ஆனால் அவருக்கு இருந்தது தாடை மூட்டு வலி. ஒரு கிளினிக்கில் (பெயரும் ஊரும் வேண்டாம்) பார்த்த அரை மணி நேரத்தில் 'உங்கள் கடி மொத்தமும் தப்பாக இருக்கிறது, கடைவாயில் எட்டுப் பற்களை ராவிக் கேப் போட்டுக் கடியை உயர்த்திவிட்டால் ஃப்ளைட் ஏறுவதற்குள் சரியாகிவிடும்' என்று சொல்லி, ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கணக்குக் கொடுத்தார்கள். ராத்திரி எனக்கு போன் செய்தார்.

'மாப்ளே, நாளைக்கே ஆரம்பிக்கலாம்ங்கிறாங்க. என்ன சொல்றீங்க?'

'அத்தான், ஒரே ஒரு கேள்வி கேளுங்க. வலி போகலைன்னா ராவுன பல்லைத் திருப்பித் தருவாங்களா?'

மறுநாள் கேட்டிருக்கிறார். பதில் சுற்றி வளைத்து வந்தது. அவர் எழுந்து வந்துவிட்டார். பிறகு ஒரு ஓரல் சர்ஜனைப் பார்த்து, தசை வலிதான் என்று தெரிந்து, உடற்பயிற்சியும் சூட்டு ஒத்தடமும் கற்றுக்கொண்டு ஷார்ஜாவுக்குப் போனார். மூன்று மாதத்தில் வலி பாதிக்குமேல் குறைந்தது. முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பற்கள் எல்லாம் அவரிடமே இருக்கின்றன.

லீவுக்கும் இந்த மூட்டுக்கும் ஏன் ஒத்துவராது என்று யோசித்துப் பாருங்கள். இந்த வலி ஏறும், இறங்கும். நாம் ஊருக்கு டிக்கெட் போடுவது வலி உச்சத்தில் இருக்கும்போது. ஊருக்கு வந்து நாலு நாள் தூங்கி, அம்மா கையால் சாப்பிட்டாலே பாதி இறங்கிவிடும். நடுவில் எதைச் செய்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் கிடைக்கும். அதே சமயம், கடி மாறிப்போய்த் தொல்லை தொடங்குவது திரும்பிப் போன பிறகு. அங்கே உள்ள டாக்டர் இங்கே செய்த வேலையைத் தொட மாட்டார். இங்கே செய்தவரைப் பார்க்க அடுத்த லீவு வர வேண்டும். பக்கத்துத் தெருவில் இருப்பவனுக்கு இது சின்னத் தொந்தரவு. 3,000 கிலோமீட்டர் தள்ளி இருப்பவனுக்கு ஒரு வருஷ நரகம்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எட்டு மாதம் வலியோடு ராத்திரி தூக்கமில்லாமல் கிடந்தவரிடம் போய் 'பொறுமையாக இருங்கள்' என்று உபதேசம் செய்தால் எரிச்சல்தான் வரும். எனக்கும் வந்திருக்கிறது. எதையாவது செய்துவிட வேண்டும் என்ற வெறி புரிகிறது. நான் சும்மா இருக்கச் சொல்லவில்லை. செய்ய நிறைய இருக்கிறது. திருப்பி எடுக்க முடிந்தவற்றை முதலில் செய்யுங்கள் என்கிறேன்.

செய்யக்கூடியவை

2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இந்த நாள்பட்ட வலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 150-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து எழுதியது. அதில் அழுத்தமாகப் பரிந்துரைத்தவை எவை தெரியுமா? தாடைப் பயிற்சி, தசையை நீட்டுதல், பிசியோதெரபிஸ்ட் கையால் மூட்டை அசைத்துக் கொடுப்பது, இறுகிய முடிச்சுகளை அழுத்தி விடுவது, கழுத்து-முதுகு நிமிர்வுப் பயிற்சி, வலியைக் கையாளக் கற்றுத்தரும் மனநல ஆலோசனை. எல்லாம் செலவு குறைந்தவை. பார்த்தால் 'இதுக்கா டாக்டர்?' என்று தோன்றும். வட்டை வெட்டி எடுக்கும் ஆபரேஷனையும், கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் தட்டுகளையும் அவர்கள் அழுத்தமாக வேண்டாம் என்றார்கள். ராத்திரி போட்டுக்கொள்ளும் சாதாரண நைட் கார்டைக்கூட அவ்வளவு உற்சாகமாகச் சொல்லவில்லை. பல் தேய்வதைத் தடுக்க அது உதவும், வலிக்கு உதவுவது ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு ஓரளவு உதவுகிறது. கழற்றி டப்பியில் போட்டுவிடலாம் என்பதே அதன் பெரிய குணம்.

மனநல ஆலோசனை என்றதும் 'நான் என்ன பைத்தியமா?' என்று கேட்பீர்கள். இல்லை. வலி நிஜம். ஆனால் மனசு இறுகினால் தாடையும் இறுகுகிறது. மார்ச் 31 கணக்கு முடிக்கிற வாரம் என் கன்னத்துத் தசையைத் தொட்டுப் பார்த்தால் கருங்கல். இதை ஒத்துக்கொள்வதில் ஒரு வெட்கமும் இல்லை.

நான் வீட்டில் கடைப்பிடிப்பதையும் சொல்கிறேன். உதடு மூடியிருக்க வேண்டும், பல்லும் பல்லும் தொடக்கூடாது, நாக்கு மேலண்ணத்தில் லேசாகப் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். இதுதான் தாடையின் ஓய்வு நிலை. மேலும் கீழும் பற்கள் தொட வேண்டியது மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டும்தான். கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். கண்ணில் படும்போதெல்லாம் பல்லை விலக்குவேன். பத்துப் பைசா செலவில்லாத இந்த வைத்தியம் எனக்குச் செய்த உபகாரத்தை வேறு எதுவும் செய்யவில்லை.

சூட்டு ஒத்தடம் பத்து நிமிஷம், காலையும் இரவும். சுக்குப் பற்று போடலாமா என்று அத்தை கேட்டார். கொச்சிச் சுக்கு உலகப் பிரசித்தம், நானே அதற்கு பில் போடுகிறவன். இதமாக இருந்தால் மெல்லிசாகப் போட்டுக்கொள்ளுங்கள், தோல் எரிந்தால் கழுவிவிடுங்கள். மூட்டுக்குள் போய் எதையும் சரிசெய்யும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சாப்பாட்டில், வலி ஏறிய வாரங்களில் இட்லி, இடியாப்பம், வெண்பொங்கல், கஞ்சி-பயறு. மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு புரோட்டாவும் மாட்டிறைச்சியும் வேண்டாம் என்று சொல்வது கொடுமைதான். இழுத்து இழுத்து மெல்ல வேண்டிய புரோட்டாதான் தாடைக்கு முதல் எதிரி. சீரக சம்பா மாதிரி சின்ன அரிசியில் செய்யும் இந்தப் பக்கத்து பிரியாணி பரவாயில்லை. சீடை, முறுக்கு, பொங்கல் கரும்பு, சூயிங் கம் எல்லாம் தள்ளி. ஆனால் வருஷக்கணக்கில் கஞ்சியே குடிக்காதீர்கள், தசை சோம்பிப்போகும். வலி இறங்க இறங்கப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். கொட்டாவி வந்தால் தாடைக்குக் கீழே கையை முட்டுக் கொடுங்கள்.

குழந்தை ராத்திரி பல்லை நறநறத்தால் வயிற்றில் பூச்சி என்று நம் ஊரிலும் சொல்வார்கள், இங்கேயும் சொல்கிறார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தானே போய்விடும்.

காத்திருக்கக் கூடாத சமயங்கள்

பொறுமை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இவற்றைத் தயவுசெய்து ஒத்திப்போடாதீர்கள்.

ஒன்று, குழந்தை மோவாய் அடிபட விழுந்தால். மோவாயில் தையல் போட்டதோடு விட்டுவிடுவோம். அடி மேலே ஏறி, காதுப் பக்கம் மூட்டின் கழுத்தில் எலும்பு விரிந்திருக்கலாம். கவனிக்காமல் விட்டால் மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டி வாய் திறக்காமலே போய்விடும், முகமும் ஒரு பக்கம் வளராமல் நின்றுவிடும். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் இன்றும் இப்படிப் பிள்ளைகள் வருகிறார்கள். இவர்களுக்கு ஆபரேஷன்தான் வைத்தியம், அதில் தயக்கமே வேண்டாம்.

இரண்டு, பாக்கு போடுகிறவர்களுக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கினால். அது மூட்டு வியாதியே இல்லை, கன்னத்தின் உள்தோல் இறுகுகிற வியாதி. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் இதை முதலில் எழுதியது கென்யாவில் குடியேறியிருந்த ஐந்து இந்தியப் பெண்களைப் பார்த்து. பாருங்கள், நம்மைப் போலப் புலம்பெயர்ந்தவர்கள்தான். அடுத்த வருஷம் மும்பையில் ஜோஷி இதற்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். காரசாரம் சாப்பிட்டால் எரியும், கன்னம் வெளிறித் தடிக்கும், மூன்று விரல் நுழைந்த வாயில் இரண்டு விரல்தான் நுழையும். புற்றுநோயாக மாறக்கூடியது. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே சொல்லிவிட்டது. குட்காவைக் கேரளா 2012-இலும் தமிழ்நாடு 2013-இலும் தடை செய்தன. கல்யாணத் தாம்பாளத்தில் பாக்கு இன்னும் இருக்கிறது.

மூன்று, நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடை வலித்து, நின்றால் அடங்கினால். அது இதயமாக இருக்கலாம். பல் டாக்டரிடம் போகாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்கு. அதேபோல முகம் மரத்துப்போவது, வீக்கம், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, 50 வயதுக்கு மேல் புதிதாக நெற்றிப்பொட்டில் தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வருவது, எல்லாமே உடனே காட்ட வேண்டியவை.

நான்கு, பாலக்காட்டு ஆள் மாதிரி வாய் மூடாமல் நின்றுவிட்டால். பதறாமல், பேச முயற்சிக்காமல், கிட்டத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள். கடைவாயை அழுத்திக் கீழும் பின்னும் தள்ளி உட்கார வைக்கும் இந்த முறை ஹிப்போகிரட்டீஸ் காலத்திலிருந்தே இருக்கிறது. சில நிமிஷ வேலை. பக்கத்து வீட்டுப் பயில்வானிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

லீவில் என்ன செய்யலாம்?

லீவைப் பரிசோதனைக்குப் பயன்படுத்துங்கள். அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஓரல் மெடிசின் அல்லது ஓரல் சர்ஜரி பிரிவில் காட்டுங்கள். கொச்சிக்காரர்களுக்கு ஆலப்புழையும் கோட்டயமும் பக்கம். தமிழ்நாட்டில் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை. கூட்டம் இருக்கும், கட்டணம் சொற்பம். முக்கியமாக, உங்களுக்குக் கேப் விற்க வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இல்லை. பிசியோதெரபிஸ்டிடம் நாலு தடவை போய்ப் பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். உப்புமா கிண்டக் கற்றுக்கொள்வது மாதிரிதான், ஒருமுறை கைவந்தால் துபாயிலும் செய்யலாம், டொராண்டோவிலும் செய்யலாம்.

தனியார் கிளினிக்கில் பெரிய திட்டம் ஏதாவது சொன்னால் நாலு கேள்வி கேளுங்கள். எனக்கு இருப்பது தசை வலியா, வட்டா, எலும்பா? இந்த வைத்தியத்தைத் திருப்பி எடுக்க முடியுமா? மூன்று மாதம் எளிய வைத்தியம் செய்து பார்த்தால் என்ன கெடும்? நான் அயல்நாட்டில் இருக்கும்போது தொந்தரவு வந்தால் யார் பார்ப்பார்கள்? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே பதில்.

நல்ல டாக்டர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பார்த்தவர் முதல் நாளே 'உங்களுக்கு ஆபரேஷன் வேண்டாம், ஊசி வேண்டாம், பொறுமை வேண்டும்' என்று சொல்லி, கன்சல்டேஷன் ஃபீஸ் மட்டும் வாங்கிக்கொண்டார். அப்படிப்பட்டவர்களுக்கு வருமானம் குறைவு, விளம்பரம் கிடையாது. கேப் போடுகிறவருக்கு ஹோர்டிங் இருக்கிறது. நம் சமூகமும் ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிப்பதில்லையே! 'ஒண்ணுமே செய்யாம 500 ரூபாய் வாங்கிட்டாரு' என்கிறோம். உங்கள் 16 கீழ்ப்பற்களையும் தொடாமல் விட்டாரே, அதற்கு எத்தனை ரூபாய் கொடுக்கலாம்?

வெளியூரில் வாழ்கிறவர்களுக்கு உடம்புதான் முதல். அதில் ஒருமுறை ராவி எடுத்தது திரும்ப முளைக்காது. டிக்கெட்டில் தேதி போட்டிருக்கிறது என்பதற்காகப் பல்லைப் பலி கொடுக்க வேண்டாம். ஃப்ளைட் அடுத்த வருஷமும் வரும்.

டிஸ்கி: நான் கணக்குப் பிள்ளை, டாக்டர் இல்லை. இது என் கருத்து. உங்கள் தாடையை நேரில் பார்த்த மருத்துவர் சொல்வதே முடிவு. இதே தொல்லை உள்ளவர்கள் எந்த ஊரில் யாரிடம் போய் நிதானமான வைத்தியம் கிடைத்தது என்று எழுதுங்கள். அடுத்த லீவுக்கு வரும் யாருக்காவது உதவும்.